தோல் நிபுணரும் முதல் தரப் பயமும்

தோல் நிபுணர் என்று வேலூரில் சொன்னால் படை, சொறி, தேமலுக்கு மருந்து எழுதித் தருகிற டாக்டர். அதே சொல்லை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூரில் சொன்னால், மாட்டுத் தோலை மேசையில் விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது ஃபஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுகிற செலக்ஷன் மேஸ்திரி. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அரசாங்கக் கடிதம் புகுந்தால்தான் தொல்லை. 1982-ஆம் வருஷம் மே மாதம் அப்படி ஒரு கடிதம் புகுந்தது. அதில் மாட்டிக்கொண்டவன் இன்பசேகரன்.

விஷயம் ஆரம்பித்தது ஒடுகத்தூரில். சாமிநாதன் என்கிற கடலை விவசாயி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு பேய்ப் படப் போஸ்டரைப் பார்த்தார். 'கர்ப்பிணிகளும் இதய பலவீனம் உள்ளவர்களும் பார்க்க வேண்டாம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. மனுஷன் நம்பிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சியான மருமகளை வீட்டில் விட்டுவிட்டு, மீதிக் குடும்பத்தை பஸ் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போனார். படம் ஓடியது. பேயும் வந்தது. மனைவி வள்ளியம்மாள் அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். வீடு திரும்பினால், "நானும் வந்து தூங்கியிருப்பேனே" என்று மருமகள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமிநாதன் மனு நாளில் வரிசையில் நின்று ஒரு மனு கொடுத்தார்: 'பேய்ப் படம் என்றார்கள். பேய் வந்தது. பயம் வரவில்லை. விசாரித்து ஆவன செய்யவும்.'

கிணறு, பட்டா, ரோடு என்று கேட்டிருந்தால் பதில் எழுதப் பழைய கோப்பு இருந்தது. அதைப் பார்த்து 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். பயம் வரவில்லை என்பதற்குப் பழைய கோப்பு இல்லை. கோப்பு இல்லாததால் யோசிக்க வேண்டி வந்தது. யோசித்து, புதிதாக ஓர் அலுவலகத்தையே திறந்துவிட்டார்கள். அதன் பெயர் திகில் தர நிர்ணயத் தனி அலுவலகம். பூட்டிக் கிடந்த ஒரு பழைய சினிமா கொட்டகையைப் பிடித்து, டிக்கெட் கொடுக்கிற அறையில் டைப்ரைட்டரை வைத்தார்கள்.

வேலை இதுதான். பேய்ப் படம் எதுவானாலும் முதலில் இங்கே திரையிட வேண்டும். இருபது மாதிரிப் பார்வையாளர்கள் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார்கள். பயங்கரமான காட்சி வந்ததும் அவர்களுடைய கையில் மயிர்க்கூச்சு எப்படி எழும்பியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத் தரம் சொல்ல ஒரு தோல் நிபுணர் தேவை. அலுவலகக் கண்காணிப்பாளர் அமிர்தவள்ளி அதற்குக் கடிதம் டைப் அடித்தார். அவர் பிறந்ததும் ஆம்பூர், வாழ்க்கைப்பட்டதும் ஆம்பூர். தோல் நிபுணர் என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். கடிதம் நேராக இன்பசேகரன் மேஸ்திரியாக இருந்த ரஃபி அகமதுவின் தோல் பதனிடும் டேனரிக்குப் போனது.

ரஃபி அகமது பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார்.

"இன்னா இன்பா, உன்ன பேய் புடிக்க அனுப்பச் சொல்றாங்க."

"நான் இன்னா பாய் பண்ணேன்?"

"நல்லா தோல் பாக்கறியாம். பொதுநலன் கருதின்னு போட்டிருக்கான். லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம், நான் இன்னாத்த சொல்றது? போய்ட்டு வா. ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி புது ஃபினிஷிங் யூனிட் ஓடணும். ஃபோர்மேன் நாற்காலி உனக்குத்தான். அன்னிக்கு நீ வரலைன்னா, நம்ம தோல வாங்கற வெள்ளக்கார பையர் சொல்ற கான்பூர் ஆளதான் உக்கார வெக்கணும். எனக்கு வேற வழி கெடையாது."

பதினாலு வருஷம் கால் வீங்க மேசை முன் நின்றவன் இன்பசேகரன். அந்த நாற்காலியை அவன் கனவில் நாலைந்து தரம் துடைத்துக்கூட வைத்திருக்கிறான். ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறதே என்று தைரியமாக வேலூர் பஸ் ஏறினான்.

அலுவலகத்தின் தலைவர் தனி அலுவலர் தனகோடி. திறப்பு விழாவில் அவர் ஒரு மணி நேரம் பேசினார். அதிலிருந்து கொஞ்சம் தருகிறேன்.

"பயம் என்பது வளர்ந்துவரும் துறை. ஆரம்பத்தில் பொதுமக்களுக்கு ஒரு கொலுசுச் சத்தம் போதுமானதாக இருந்தது. பிறகு கொலுசோடு வெள்ளைப் புடவை கேட்டார்கள். கொடுத்தோம். புடவையோடு பாட்டு கேட்டார்கள். அதையும் கொடுத்தோம். மலை பங்களாவில் ஒரு பெண் விளக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டே போனாள். கடைசியில் அது பேய் இல்லை, சொத்துக்காக சித்தப்பா செய்த சூழ்ச்சி என்று தெரிந்தது. மக்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அதுதான் பொற்காலம். பிறகு என்ன ஆயிற்று? சித்தப்பா போதாது, அசல் பேய் வேண்டும் என்றார்கள். பேய் வந்ததும் கலரில் வேண்டும் என்றார்கள். கலர் வந்ததும் ரத்தம் எங்கே என்றார்கள். இன்று எல்லாம் கொடுத்த பிறகு தூங்குகிறார்கள். இது யார் தவறு? எப்போது பயப்படுவது என்பதைப் பொதுமக்களின் இஷ்டத்துக்கு விட்டுவைத்தது தவறு. இனி ஒருவரும் அனுமதி இல்லாமல் பயப்படவும் முடியாது. அனுமதித்த பிறகு பயப்படாமல் இருக்கவும் முடியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் இன்பசேகரன் அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், ஆள் மாறிப்போச்சு. நான் டாக்டர் இல்ல. மாட்டுத்தோல் பாக்கறவன்."

"நாங்கள் டாக்டர் கேட்கவில்லையே. தோல் நிபுணர் கேட்டோம். நீங்கள் தோல் நிபுணரா இல்லையா?"

"நிபுணர்தான் சார். ஆனா அது செத்த மாட்டுத் தோலு."

"உயிருள்ளதா, செத்ததா என்ற விவரத்துக்குப் படிவத்தில் இடமில்லை."

"தப்பு நடந்துபோச்சு சார். என்ன விட்ருங்க. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி நான் ஆம்பூர்ல ஃபோர்மேனா சேரணும்."

"தாராளமாகப் போகலாம். நீங்கள் தோல் நிபுணர் அல்ல என்று ஒரு தோல் நிபுணர் சான்றளிக்க வேண்டும். அவர் இந்த அலுவலகம் அங்கீகரித்தவராக இருக்க வேண்டும்."

"யார சார் அங்கீகாரம் பண்ணிருக்கீங்க?"

தனகோடி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "தற்போது உங்களை மட்டும்."

"அப்போ நானே எழுதிக் குடுத்துர்றேன்."

"தமக்குத் தாமே சான்றளிக்க விதியில்லை," என்று தனகோடி மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். விதி இருந்திருந்தால் அவரே அவருக்கு எத்தனையோ சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேய் வந்தது. அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து என்பதால் பேயும் அதற்குள்தான் வந்து போக வேண்டும். படம் ஆரம்பித்ததும் ஊழியர் மூர்த்தி கதவை வெளியே பூட்டிவிடுவார். பயந்தவர் ஓடிவிட்டால் அளக்க முடியாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது. பூட்டிவிட்டு மூர்த்தி சாவியோடு டீ குடிக்கப் போவார். அவர் டீ குடிக்கிற கடை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இன்பசேகரன் டார்ச் லைட்டோடு வரிசை வரிசையாக ஓடினான். தொட்ட முதல் கை விரிஞ்சிபுரத்திலிருந்து வரும் கெங்கம்மாளுடையது. வயல் வேலைக்குப் போகிறவள். வழவழவென்று இருந்தது.

"இன்னாம்மா, பயமே வரலையா?"

"எங்க வர்றது? மூஜிக் நின்னா பூன குதிக்கும். பூன குதிச்சா பேய் கெடையாது. பூன போனப்பறம் படத்துல வர்ற பொண்ணு ஒரு மூச்சு வுட்டு சிரிப்பா பாரு, அப்பதான் பின்னால நிக்கும். இது தெரியாதா எங்களுக்கு?" கெங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "ஊட்ல அரிசிப் பானய தொறந்தா இதவிட ஜாஸ்தி பயம்."

பின்னால் நின்றது. இருபது பேரில் ஒருவருக்கும் ஒன்றும் எழும்பவில்லை. ஒரே இருபது பேர்தான் தினமும் வந்தார்கள். பத்து நாளில், பேய் வரும் நேரம் பேயைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இன்பசேகரன் ஒரு கணக்குப் போட்டான். எல்லாப் படத்துக்கும் ரிஜெக்ட் போட்டால் இது உபயோகமில்லாத அலுவலகம் என்று மூடிவிடுவார்கள். அந்த வாரம் முழுக்க ரிஜெக்டாகப் போட்டுத் தள்ளினான். சனிக்கிழமை தனகோடி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மாவட்டத்தில் பயம் இவ்வளவு பற்றாக்குறையாக இருக்கிறது என்று நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள். அலுவலகத்தை நீட்டித்திருக்கிறார்கள்."

அடுத்த வாரம் எல்லாவற்றுக்கும் ஃபஸ்ட் போட்டான். வேலை முடிந்துவிட்டது, மூடிவிடுவார்கள் என்று நம்பினான். தனகோடி இந்த முறை கட்டிப்பிடித்துக்கொண்டார். அலுவலகம் வந்ததும் பயம் செழித்துவிட்டதாம். இன்னொரு நீட்டிப்பு.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் கொட்டகைத் தகரம் காய்ந்து, மாதிரிப் பார்வையாளர்களில் ஒருவர் மயக்கம் போட்டார். அதைப் பயம் என்று எழுதுவதா வெயில் என்று எழுதுவதா என்று இரண்டு நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் ஐஸ் பாறைகளை வாங்கி வந்து, வைக்கோல் மேல் வைத்து, பின்னால் டேபிள் ஃபேனைச் சுழல விட்டார்கள். இன்பசேகரன் கெங்கம்மாளின் கையைத் தொட்டான். அருமையான மயிர்க்கூச்சு. திரையில் அப்போது பேய்கூட இல்லை, படத்துக்கு முன்னால் காட்டுகிற குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம்.

"சார், இது பயம் இல்ல. குளுரு."

"குளிருக்குப் படிவத்தில் இடமில்லை. எழும்பியிருக்கிறதா இல்லையா?"

"எழும்பிருக்கு."

"எழுதுங்கள்."

எழுதினான். குடும்பக் கட்டுப்பாடு முதல் தரத் திகில் என்று பதிவானது. செய்தி வெளியே போனதும், வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் என்று எல்லாக் கொட்டகைக்காரர்களும் ஐஸ் பாறை இறக்கினார்கள். ஜனங்கள் குவிந்தார்கள். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் பெண்கள் போர்வையோடு மேட்னி போனதை நான் கண்ணால் பார்த்தேன். பேய் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஐஸ் எந்த வரிசைவரை வந்தது என்று கேட்டார்கள். ஒடுகத்தூர் சாமிநாதன் இரண்டாவது மனு கொடுத்தார்: 'பயம் இப்போது நன்றாக இருக்கிறது. பேய் வரும்போது ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள். அதைத் தவிர்த்து ஆவன செய்யவும்.'

இன்பசேகரனுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று விடுப்பு விண்ணப்பம் கொடுத்தான். மூன்றுக்கும் பதில் வந்தது, 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று. ஓர் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஜெபகனி என்ற அம்மாளைப் பிடித்து, 'இவர் தோல் மருத்துவர் அல்ல' என்று எழுதி வாங்கினான். தனகோடி அதைப் படித்து மகிழ்ந்தார். மருத்துவர் அல்ல என்பது உறுதியானதால், மருத்துவத் துறை இனி அவனை உரிமை கோர முடியாது என்று கோப்பில் குறித்துக்கொண்டார். டாக்டரம்மாவின் கடிதமே இன்னொரு பூட்டாகிவிட்டது.

வீட்டில் மனைவி பொன்மலர் ஒருநாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அவள் நர்ஸ், எதற்கும் சட்டென்று கலங்க மாட்டாள்.

"இன்னாங்க, தொடும்போதும் கிரேடு போடறீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. வாய் முணுமுணுக்குது. செகண்ட்னு சொன்னீங்க, காதுல வுழுந்துச்சு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தாலும் இப்படித்தான் ஆகிறது, மாட்டுத் தோல் எப்படியிருக்கும் என்பது விரலுக்கு மறந்துகொண்டே வருகிறது என்று சொன்னான். பொன்மலர் அவனுடைய கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "எப்படியாச்சும் வெளிய வந்துருங்க," என்றாள்.

வழி காட்டியது அமிர்தவள்ளிதான். தான் அடித்த கடிதத்தால் ஊர்க்காரன் ஒருவன் சிக்கிக்கொண்டது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அட்டைவரை படித்து, பதினாலாவது விதியைக் கண்டுபிடித்தார். பணியின்போது தமக்கே முதல் தரப் பயம் ஏற்பட்டுவிட்ட நிபுணரை உடனே விடுவிக்கலாம். அதைத் தொட்டுச் சான்றளிக்க, தோல் தொழிலில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவரை ஒரு நாளைக்கு மட்டும் அழைத்துக்கொள்ளலாம்.

இன்பசேகரன் ஆம்பூருக்கு ஓடினான். ரஃபி அகமது பாய் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. "நாப்பது வருஷமா தோல் தொடறேன். உன் கையத் தொட்டு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? வர்றேன்," என்றார். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, கடைசி நாள், வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வேலையாக ஐஸை வெளியே எடுக்கச் சொன்னார். சரக்கில் கலப்படம் அவருக்குப் பிடிக்காது.

படம் ஆரம்பித்தது. மூர்த்தி கதவைப் பூட்டிவிட்டுப் போனார். இன்பசேகரன் சட்டையைச் சுருட்டிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் பாய் அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இசை நின்றது. பூனை குதித்தது. பூனை போனதும் அவள் மூச்சு விட்டுச் சிரித்தாள். பின்னால் நின்றது.

"வழவழன்னு இருக்குது இன்பா," என்றார் பாய் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் பயப்படு."

"பதினோராவது தடவ பாக்கறேன் பாய். வரமாட்டேங்குது."

கண்ணை இறுக மூடிக்கொண்டு முயற்சி செய்தான். பாம்பை நினைத்தான். செத்துப்போன அப்பாவை நினைத்தான். அவர் பேயாக வராமல் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை சட்டையில் கோயிலுக்குப் புறப்பட்டு வந்தார். கடைசியாகக் கான்பூர்க்காரன் தன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தான். அதிலும் பயம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. வயிற்றெரிச்சலுக்குத் தோலில் ஒன்றும் தெரிவதில்லை. இப்படியே இடைவேளை வந்துவிட்டது.

இடைவேளையில் தனகோடி மேடை ஏறினார். முகம் பிரகாசமாக இருந்தது. கையில் ஒரு தந்தி.

"மகிழ்ச்சியான செய்தி. நமது அலுவலகம் இன்று முதல் நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறது. தற்போது பணியில் இருப்பவர்கள் அனைவரும் ஐம்பத்தெட்டு வயதுவரை இதே இடத்தில், இதே பணியில், மாறுதல் இல்லாமல் நீடிப்பார்கள்."

இன்பசேகரனுக்கு முப்பத்துநாலு வயது. இருபத்துநாலு வருஷம். தினமும் காலை பத்து மணி, பூனை, சிரிப்பு, பின்னால் நிற்கிற அது. வெளியே பூட்டு.

"அரே!" பாய் துள்ளி எழுந்தார். அவனுடைய கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு மயிர் விடாமல் எழுந்து நின்றது. "ஃபஸ்ட் கிரேடு! சுத்தமான ஃபஸ்ட்! பாருங்க சார், தொட்டுப் பாருங்க!"

கெங்கம்மாளும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள். "ஆமா சாமி, புள்ள நெசமாவே நடுங்குது," என்றாள். இருபது பேரும் கை தட்டினார்கள். இன்பசேகரன் அழுதுகொண்டே சிரித்தான். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்குள் பொன்மலரிடம் சொல்லிவிடலாம்.

தனகோடி பேனாவைத் திறந்தார். "மிக்க சந்தோஷம். எந்தக் காட்சியில் ஏற்பட்டது?"

பாய் ஏதோ ஒரு காட்சியைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது வருஷத்தில் செகண்டை ஃபஸ்ட் என்று சொல்லி ஒரு தோல்கூட விற்றதில்லை அந்த மனுஷன். அதனால்தான் அவருக்கு வெள்ளைக்கார பையர் வருகிறான்.

"காட்சில வரல சார். படம் ஓடும்போது ஒண்ணுமில்ல. நீங்க மேடையில பேசினீங்க பாருங்க, அப்பதான் வந்துச்சு."

தனகோடி பேனாவை மூடினார்.

"அப்படியானால் விடுவிக்க முடியாது. திரைப்படத்தால் வரும் பயத்துக்குத்தான் பதினாலாவது விதி. இது அரசாணையால் வந்த பயம். அரசாணைக்குப் பயப்படுவது ஊழியரின் கடமை. இவர் கடமையை முதல் தரமாகச் செய்திருக்கிறார் என்று பணிப் பதிவேட்டில் எழுதுகிறேன்."

இன்பசேகரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாய் வாதாடிப் பார்த்தார், குரலை உயர்த்திப் பார்த்தார், கடைசியில் கும்பிட்டும் பார்த்தார். தனகோடி அவரையே மரியாதையோடு கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு டிக்கெட் அறைப் பக்கம் திரும்பி அமிர்தவள்ளியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நிரந்தர அலுவலகத்துக்கு நிபுணர் பணியிடம் இரண்டு. ஐஸ் இல்லாமல் ஒரு முதல் தரத்தைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்த ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சரி இன்பா, நான் மேலிடத்துல யாரையாச்சும் புடிக்கிறேன். காலைல யூனிட் ஓட்டணும், நான் கெளம்பறேன்," என்று பாய் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. மூர்த்தி இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அமிர்தவள்ளிக்குக் கை டைப்ரைட்டருக்குப் போனால் மனசு வேறெங்கும் போகாது. பொதுநலன் கருதி என்பதுவரை அடித்து முடித்து, கம்பி வலை வழியாகத் தலையை நீட்டினார்.

"பாய், உங்க பேருக்கு முன்னாடி இனிஷியல் இன்னா?"

"சொல்லாதீங்க பாய்!" என்று இன்பசேகரன் கத்திக்கொண்டு எழுந்தான்.

ஆனால் பாய் மரியாதை தெரிந்தவர். ஒரு பெண்பிள்ளை பெயரைக் கேட்டால் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"கே," என்றார். "கே. ரஃபி அகமது."